யெல்லோஸ்டோன் போகும் சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. செப்டம்பரில் மகளோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறாய் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி ஆசை தீரப் படிக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

‘ஓநாய்கள் திரும்பி வந்து ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டன’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கதையில் முன்பாதி உண்மைதான். 1926-இல் பூங்கா ஊழியர்களே கடைசி ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது 19,000 அளவில் இருந்த வடபகுதி எல்க் (பெரிய மான்) மந்தை, 2013 வாக்கில் 4,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அதில் கரடி, பூமா, பூங்காவுக்கு வெளியே துப்பாக்கியோடு நிற்கும் மனிதன் எல்லாருக்கும் பங்குண்டு. பெயர் மட்டும் ஓநாய்க்கு.

என்னை மயக்கியது எல்க் விழுந்த இடத்தில் நடப்பதுதான். ஓநாய்கள் வேட்டைக்குக் கிளம்பும்போதே அண்டங்காக்கைகள் பின்தொடர்கின்றன. அந்தத் தடித்த தோலை அவற்றின் அலகால் கிழிக்க முடியாது. ஓநாய்தான் கிழித்துத் தர வேண்டும். பிறகு கழுகு, நரி போன்ற கொயோட்டி, வண்டு என்று வரிசையாக வரும். கிரிஸ்லி கரடி வந்துவிட்டால் வேட்டையாடியவர்களே எழுந்து இடம் விட வேண்டியதுதான். முன்பெல்லாம் எல்க்குகள் பெரும்பாலும் கடுங்குளிரின் கடைசியில் கும்பலாகச் செத்து விழும். இப்போது ஆண்டு முழுவதும் பந்தி நடக்கிறது.

ஆற்றுக் கதைதான் இடிக்கிறது. ஓநாய் வந்து எல்க் குறைந்தால் கரைச் செடிகள் தழைக்கும், ஆறும் மாறும் என்பார்கள். ஓநாய் இல்லாத எழுபது ஆண்டுகளில் எல்க்குகள் ஓடைக்கரையில் வளரும் வில்லோ என்ற புதர்களை மொட்டையடித்துவிட்டன. அணை கட்டவும் தின்னவும் வில்லோ இல்லாததால், மரக்கிளைகளால் ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்குகளான பீவர்கள் போய்விட்டன. அணைகள் உடைந்ததும் ஓடைகள் மண்ணை அரித்து ஆழமாக இறங்கின; நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. இனி மான் கடிக்காவிட்டாலும் வில்லோவின் வேருக்குத் தண்ணீர் எட்டாது. வில்லோ இல்லாமல் பீவர் வராது. பீவர் அணை கட்டாமல் நீர்மட்டம் ஏறாது. ஓநாய் இதில் என்ன செய்யும்?

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2001-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். சில ஓடைகளில் சிறு அணை கட்டினார்கள், சில இடங்களில் மான் நுழையாதபடி வேலி போட்டார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ நன்றாக ஓங்கியது. சில பள்ளத்தாக்குகளில் வில்லோவும் ஆஸ்பென் மரமும் தாமாகவே தழைத்திருப்பதைக் காட்டி, ஓநாயின் வேலைதான் என்று வாதாடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பூங்காவுக்கு வடக்கே வனத்துறை பீவர்களைக் கொண்டுவந்து விட்டதை மட்டும் இந்தக் கதை சொல்பவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்!

என்னைக் கேட்டால், ஓநாயைக் கொண்டுவந்தது நூற்றுக்கு நூறு சரி. அழித்த பிறகு இவ்வளவு தாமதித்ததுதான் தவறு. அதைக் காட்டில் விட்டதும் எல்லாம் தானே பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பது நம் அவசரம்.

பூங்காவுக்குள் இருக்கும் லாமர் பள்ளத்தாக்குக்கு விடியுமுன் போய்விடு. சாலையோரம் தொலைநோக்கியோடு நிற்பவர்களிடம் தயங்காமல் கேள். ஓநாய் தெரிந்தால் காட்டுவார்கள். செப்டம்பரிலேயே இரவில் தண்ணீர் உறையுமாம், மகளிடம் கம்பளி எடுத்துக்கொள்ளச் சொல். ஓடைக்கரையில் மான் கடித்த வில்லோ கண்ணில் பட்டால், எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
ராமநாதன்