பெட்டியைக் கட்டிலில் வைக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றதெல்லாம் அவரே போனில் சொல்லியிருப்பார், அவரிடம்தானே பேசுகிறாய். இந்த மாதம் உனக்கு ராய்ப்பூர், அப்புறம் புவனேஸ்வர் என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

லாட்ஜ் ரூமுக்குள் போனதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காதே. விரிப்பு வெள்ளைவெளேர் என்று இருந்தாலும் வைக்காதே. நேரே பாத்ரூம் தரையில் கொண்டுபோய் வை. வழுவழு டைல்ஸில் மூட்டைப்பூச்சிக்கு ஒளிய இடம் கிடையாது. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது, ஊர்ந்துதான் வரவேண்டும். அப்புறம் செல்போன் டார்ச்சைப் போட்டு, விரிப்பைத் தூக்கி, மெத்தை ஓரத் தையலைப் பார். நாலு மூலையும் பார். பேனா மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் ஈரத்துணியால் தேய், செங்காவியாகப் பரவும். அது குடித்த ரத்தம். துவரம்பருப்புத் தோல் மாதிரி காய்ந்த சட்டையும் கிடக்கும். பெரிசாவதற்குள் 5 தடவை சட்டை உரிக்குமாம்.

இதில் எதைப் பார்த்தாலும் கீழே போய் வேறு ரூம் கேள். ஒட்டின ரூமைக் கொடுத்தால் வாங்காதே, சுவர் விரிசல் வழியாக அங்கேயும் போயிருக்கும். கேட்கக் கூச்சப்படாதே. பாங்க் மேனேஜரையே எதிரில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்கிறவள் என் மகள் என்று அப்பா பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் குடும்பத்தில் மதுரையைத் தாண்டித் தனியாகப் போன முதல் பெண்பிள்ளை நீதான்.

அதற்காகப் பொங்கலுக்குக்கூட வரக்கூடாதா? ‘லீவு இல்லை’ என்று இரண்டே வார்த்தை.

அழுக்குத் துணியை நாற்காலியில் போடாதே. ஜிப் வைத்த கவரில் போட்டு மூடு. ஊருக்குத் திரும்பியதும் மெஷினில் 60 டிகிரி வைத்துத் துவைத்துவிடு. பாச்சை உருண்டையை நம்பாதே. ஆச்சி நார்க்கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினது உனக்கு ஞாபகம் இருக்கும். கட்டிலுக்கு அது சரி. பெட்டியை வெயிலில் காயவைத்தால், வெளியே சுடச்சுடப் பூச்சி உள்மடிப்புக்கு நகர்ந்துகொள்ளும். உள்ளே வரை 50 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் சாகும். ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கவும் அதனால் முடியும். மருந்தடிக்க வந்த பையன் சொன்னான்.

ஆமாம், தை மாதம் நம் வீட்டில் மருந்து அடித்தோம். முட்டைக்கு மருந்து பிடிக்காது என்று 15 நாள் கழித்து மறுபடியும் அடித்தோம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவை நான்தான் தடுத்தேன்.

அந்தப் பையன் எங்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினான். பின்னால் கடுகு இறைத்த மாதிரி கறுப்பு. “இது ஒரு வாரத்துல வந்ததில்லம்மா, மாசக்கணக்காக் குடித்தனம் நடந்திருக்கு” என்றான். நீ படுக்கிற மச்சு ரூமில் ஒன்றுகூட இல்லை.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று எழுதினால் அது பொய். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் இரண்டு ராத்திரி தங்கினோமே, என் பை கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலையில் என் தலையணை உறையில் ஒன்றைப் பார்த்தேன். நசுக்கினேன். கெட்டுப்போன கொத்தமல்லியைக் கசக்கின மாதிரி ஒரு வாடை. டூரிங் டாக்கீஸ் பெஞ்சில் சின்ன வயதிலேயே எனக்குப் பழக்கமான வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலில் இருந்தது. உறையைத் துவைத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுத்தக்காரி என்று பேர் வாங்கினவள் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று எப்படிச் சொல்வது?

தீபாவளியன்று சின்னவன் கையில் வரிசையாகத் தடிப்பைப் பார்த்ததும் என் வாயில் உன் பேர்தான் வந்தது. உன் நீலப் பெட்டியை முற்றத்தில் திறந்து, உள்பாவாடை முதற்கொண்டு ஒவ்வொன்றாக உதறிப் போட்டேன். மதினி பார்த்துக்கொண்டு நின்றாள். ‘லாட்ஜ் லாட்ஜாகத் தங்கிவிட்டு வந்தால் இப்படித்தான்’ என்று நான் சொன்னது பூச்சியை மட்டும் வைத்து இல்லை. அது உனக்கும் புரிந்தது. ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் மடித்து வைத்தாய். மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் இருந்தும் அன்று ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். நான் வாசல் வரைக்கும் வரவில்லை.

நேற்று மதினியிடம் சொல்லிவிட்டேன், பூச்சி வந்தது என் பையில் என்று. “எனக்கு அப்பவே தெரியும் அத்தை” என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் போக அப்பா வேன் பேசியிருக்கிறார். ஆள் கணக்கில் உன்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். வந்தால் பெட்டியை நேரே மச்சுக்குக் கொண்டு போ. கட்டிலில் வேண்டுமானாலும் வை.

அம்மா

பின்குறிப்பு: லாட்ஜ் கட்டிலில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் பார்க்கச் சொல்ல விட்டுப்போயிற்று. முதலில் அங்கே பார்.