ஜெராக்ஸ் கடைக் கணினியில் தங்கிவிடும் நம் ஆதார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு என்று எதற்குப் போனாலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு வாட்ஸ்அப் எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் அந்த எண்ணுக்கு அனுப்பி, பிரிண்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு கடைக் கணினியிலேயே கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாட்டில் உள்ளதை மட்டுமே நீக்கும். அதுவும் அனுப்பிய சுமார் இரண்டரை நாளுக்குள் செய்தால்தான். கடைக்காரர் பிரிண்ட் எடுக்கக் கோப்பை இறக்கியபோதே, கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தனியாக ஒரு பிரதி விழுந்துவிடுகிறது. அதை நாம் எங்கிருந்தும் அழிக்க முடியாது. பணம் கொடுக்கும் முன்பே, "அண்ணே, டவுன்லோட்ஸ்ல இருந்தும் அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மங்கலாக விழுந்த பிரிண்ட்டையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய், பஜ்ஜி மடிக்கும் காகிதமாகத் திரும்பி வருவதை இந்தப் பகுதியில் யாரும் பார்க்கலாம்.

ஆதார் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கதவு எண், வங்கிக் கிளை எல்லாம் ஒரே இடத்தில் சிக்கினால், போனில் பேசும் மோசடிக்காரனின் பொய்க்கு உயிர் வந்துவிடுகிறது. நம் முகவரியையும் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும் சரியாகச் சொல்பவன் வங்கி ஆள்தான் என்று மனம் நம்பிவிடும். அடுத்து அவன் கேட்பது ஓ.டி.பி. என் கணிப்பில், நகல் கசிவதன் பெரிய ஆபத்து இதுதான். பான் நகலும் சேர்ந்து கிடைத்தால், செயலி வழியாக நம் பெயரில் கடன் வாங்கும் முயற்சியும் நடக்கலாம்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்'. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்து நுழைந்து, 'டவுன்லோட் ஆதார்' பகுதியில் 'மாஸ்க்டு' என்ற கட்டத்தை டிக் செய்தால் பி.டி.எஃப். இறங்கும். கடவுச்சொல், ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவரும் இதைத் திறந்துவிடலாம் என்பதால், இந்தப் பூட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். நம்பிக்கையான ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை நல்ல பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்போதெல்லாம் அந்தத் தாளைக் கண்ணாடி மேல் வைத்துப் பழைய முறையில் ஜெராக்ஸ் எடுத்தால் போதும், எந்தக் கோப்பையும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அட்டையையே நகல் எடுப்பதானால் எண்ணின் மேல் காகிதத் துண்டு வைத்து மறையுங்கள். பின்பக்கத்திலும் அதே எண் அச்சாகியிருக்கிறது. பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நகலில் "இன்ன பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்" என்று தேதியோடு பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், ஆகவே எழுத்து அட்டைப் படத்தின் விளிம்பைத் தொட்டுக் குறுக்கே போகட்டும்.

கைரேகை விஷயம் தனி. ஆதார் எண், வங்கிப் பெயர், விரல் ரேகை இவை மூன்றும் இருந்தால் ஓ.டி.பி. இல்லாமலே பணம் எடுக்கும் வசதி உண்டு. பத்திரங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படித் திருடிய வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. அதே மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். பூட்டியபின் ரேஷன் கடை இயந்திரம் ரேகையை ஏற்காது. கடைக்குப் போகும்முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் வரிசையில் நின்று திரும்பும் நிலை யாருக்கும் வரக் கூடாது. சிம் வாங்கும் இடத்தில் "ரேகை பதியல, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதல் முயற்சி தோற்றதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது ரேகையில் நம் பெயரிலேயே இன்னொரு சிம் போய்விடும் வாய்ப்பு உண்டு.

நம் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்துப் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என் எண் அல்ல' என்று புகார் செய்யலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாம் வாங்காத கடன் அதில் தெரிந்துவிடும். பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930, அடுத்த நிமிடமே வங்கி. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.

முழு எண்ணும் தெரியும் நகலைத்தான் ஏற்போம் என்று பல கவுன்டர்களில் இன்றும் அடம்பிடிக்கிறார்கள். 2022 மே மாதம் மாஸ்க்டு ஆதாரையே கொடுக்கும்படி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவுறுத்தியது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. குழப்பம் அன்றிலிருந்து தீரவில்லை. முழு எண் சட்டப்படி தேவைப்படாத வேலைகளுக்கு "எண் மறைத்த ஆதார் போதும்" என்று ஒவ்வோர் அலுவலக வாசலிலும் தமிழில் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும். நகல் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, வாடிக்கையாளர் கோப்பை அவர் கண் முன்னே அழிப்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81