சிறாரை எட்டும் ஆபாசமும் சிவில் பொறுப்பும்: சட்டம் இயற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். சிறாரின் கைக்கு ஆபாசப் படங்கள் எட்டும்படி விட்டுவைக்கும் வணிக நிறுவனங்கள் மீது பாதிக்கப்பட்டவர்களே இழப்பீட்டு வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டங்களை வரவேற்கிறேன். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பித்தாக வேண்டும். அபராதம் விதிக்கப்பட்டாலும் அது பெரும்பாலும் அரசுக் கருவூலத்துக்கே போகும். சிவில் வழக்கில் அவ்வளவு கடுமையான மெய்ப்பு தேவையில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 2022-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. சிறாருக்குத் தீங்கானவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ள தளம் முறையாக வயதைச் சரிபார்க்கத் தவறினால், இழப்பீட்டோடு வழக்குச் செலவையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் அது ஏற்க வேண்டும். 2023-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்து நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை தண்டம் கோரலாம். சிறார் எவரேனும் பார்த்துவிட்டால் மேலும் 2,50,000 டாலர் வரை கோரலாம். அச்சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

தண்டம் அரசுக்குப் போகிறது. இழப்பீடு கேட்கும் குடும்பமோ இழப்பை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் இடிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உறக்கம் கெட்டதற்கும் படிப்பில் மனம் ஒட்டாமல் போனதற்கும் எந்த ரசீதை நீதிமன்றத்தில் காட்டுவது? "இதற்கு முன் நீ இப்படி எதையுமே பார்த்ததில்லையா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டால், அந்தப் பிள்ளை இன்னொரு முறை காயப்படும். ஆகவே இழப்பீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைச் சட்டமே நிர்ணயிக்கட்டும். வயதைச் சரிபார்த்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் இருக்கட்டும். 'எனக்கு 18 வயது ஆகிவிட்டது' என்ற பொத்தானைச் சொடுக்கச் சொல்வதெல்லாம் சரிபார்ப்பு ஆகாது. விசாரணை மூடிய அறையில் நடப்பதும், வழக்குத் தொடரும் காலவரம்பு பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பின்னரே தொடங்குவதும் அவசியம்.

பாலியல் கல்வி, மருத்துவம், கலை சார்ந்தவை 'சிறாருக்குத் தீங்கானவை' என்ற வரையறைக்குள் சிக்கக்கூடாது. அது தெளிவாக இல்லையென்றால் முதலில் அஞ்சி ஒதுங்குவது நூலகங்கள்தாம். சரிபார்ப்புக்காகப் பெறும் அடையாள ஆவணங்களைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தையும் லூசியானா சட்டம் பொறுப்பாக்குகிறது. உங்கள் வரைவில் அந்தப் பிரிவு விடுபட்டிருந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே அதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறார் நலனில் அக்கறை கொண்ட ஒரு வாக்காளர்