கோத்தகிரியில் இடம் பார்க்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

பனியன் கம்பெனி மெஷின்களை விற்ற பணத்தில் கோத்தகிரியில் எதை வாங்கலாம் என்று கேட்டு, போன வாரம் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய நாலு விளம்பரங்களையும் பார்த்தேன். அதில் இரண்டை டைப் அடித்ததே நான்தான். சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தால் இந்த வேலையும் சேர்ந்து வரும். "இயற்கை எழில் கொஞ்சும்" என்பது விற்கிற பார்ட்டி சொன்னது. "எதிர்கால முதலீட்டுக்கு ஏற்றது" என்பது நான் போட்டது. தாளில் ஒரு வரி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாதத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரும் இல்லை, விற்கிறவர்கள் பெயரும் இல்லை. கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் அந்த "வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா, 2 ஏக்கர் டீ தோட்டத்துடன்". வெள்ளைக்காரர் காலம் என்பது எங்கள் ஊரில் வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறி வந்து முதலில் தங்கியது கோத்தகிரிப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், வந்தால் காட்டுகிறேன். ஊட்டியெல்லாம் அதற்குப் பிறகு. அங்கே தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று அவர் நிலம் வாங்கியதாகச் சொல்வார்கள். அன்றைக்கு வில்லங்கச் சான்று கேட்க ஆள் இல்லை.

ஆனால் நீங்கள் பார்த்த வீடு சல்லிவன் காலத்தது இல்லை மாமா. தகரக் கூரையும், சிவப்பு ரெட் ஆக்சைடு தரையும், ஒரு சிம்னியும் இருந்தால் இங்கே எல்லாமே "பிரிட்டிஷ் பங்களா" ஆகிவிடும். அந்தப் பத்திரக் கட்டு முழுவதையும் நான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அதில் "வீடு" என்ற சொல் முதன்முதலில் வருவதே 1961இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் வெறும் உருளைக்கிழங்குக் காடு.

அந்தப் பழைய பத்திரங்களைப் படிக்க எனக்குப் பிடிக்கும். செக்குபந்தி என்று நாலு பக்க எல்லையையும் எழுதியிருப்பார்கள். வடக்கே ஓடை, கிழக்கே இன்னாருடைய தோட்டம், தெற்கே கோயிலுக்குப் போகும் வழி, மேற்கே பெரிய பாறை. இன்றைக்கு அந்த ஓடை பத்தடி தள்ளி ஓடுகிறது. இன்னாருடைய தோட்டம் ஆறு பங்காகிவிட்டது. பாறையை உடைத்து யாரோ அஸ்திவாரத்துக்குப் போட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் போகும் வழி மட்டும் அப்படியே இருக்கிறது, அதுவும் நீங்கள் வாங்கப் போகும் இடத்துக்கு நடுவில். வருஷத்துக்கு ஒரு முறை ஊரே அதில் நடந்து போகும். விளம்பரத்தில் அது இல்லை. என்னை எழுதச் சொல்லவும் இல்லை.

இப்போது அந்த 2 ஏக்கர். தேயிலை என்றதும் உங்களுக்கு எஸ்டேட் துரை மாதிரி ஒரு படம் மனதில் ஓடுகிறது என்று அத்தை சொன்னார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நன்றாகப் பராமரித்தால் ஏக்கருக்கு வருஷம் 4,000 கிலோ பச்சைத் தேயிலை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 18 ரூபாய் என்றால் 72,000. பறிப்புக் கூலி கிலோவுக்கு 8 ரூபாய் என்று 32,000 போய்விடும். உரம், மருந்து, களையெடுப்புக்கு 20,000. மிச்சம் ஏக்கருக்கு 20,000, இரண்டு ஏக்கருக்கும் 40,000. நான் சொல்வது மாசக் கணக்கு இல்லை மாமா, வருஷக் கணக்கு. அவர்கள் கேட்பது 2 கோடி. அது போக முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழுத் தொகைக்கும் எழுதினால் அதுவே 18 லட்சம்.

இதில் கவாத்து வருஷத்தைச் சேர்க்கவில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். அப்புறம் சில மாசம் வருமானமே இல்லை, குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தத் தோட்டத்துக்குக் கவாத்து நேரம் வந்துவிட்டது. விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலையும் உங்கள் கையில் இல்லை. தேயிலை வாரியம் மாதா மாதம் ஒரு சராசரி விலை அறிவிக்கும், ஃபேக்டரிக்காரர்கள் அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அது கட்டுப்படியாகவில்லை என்றுதான் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு 2023இல் இங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். எங்களுக்கும் ஒரு ஏக்கர் இருப்பது உங்களுக்குத் தெரியும். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று சொல்லி, இலை எடுக்கும் ஏஜெண்ட் மூட்டைக்கு மூட்டை எடை கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அப்பா ஒரு நாள் தராசைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். மறுநாள் எங்கள் வீட்டு வழியாக வண்டியே வரவில்லை. பறித்த இலை ஒரு நாள் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். மூன்றாம் நாள் அப்பாவே போய்க் கூப்பிட்டார்.

1990களில் வீட்டுக்கு வீடு மாடி எழும்பியது தேயிலைக் காசில்தான். 1998க்குப் பிறகு விலை விழுந்தது, நிறையப் பேர் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. இன்று இங்கே இவ்வளவு தோட்டம் விலைக்கு வருவதற்கு வேர் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், யார் பார்ப்பது?

சரி, காசு போனால் போகட்டும், எனக்கு மன நிம்மதிதான் முக்கியம் என்பீர்கள். அப்படியானால் பட்டாவைப் பாருங்கள். இங்கே பாதிக்கு மேல் கூட்டுப்பட்டா கதைதான். தாத்தா பெயரில் நிலம், அவருக்கு நாலு மகன், மூன்று மகள். விற்க வருகிறவர் அந்த நாலில் ஒருவருடைய மகன். "அத்தைகளுக்குக் கல்யாணத்தோடு எல்லாம் செய்தாகிவிட்டது" என்பார். தமிழ்நாட்டில் 1989இலேயே, அப்போது கல்யாணம் ஆகாத மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டென்று சட்டம் வந்துவிட்டது, 2005இல் மத்திய சட்டம் கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்துவிட்டது. பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்று அதற்குள்ளும் ஆயிரம் கேள்வி இருக்கிறது, அது வக்கீல் வேலை. நான் சொல்வது ஒன்றுதான். எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 5 லட்சம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டார். ஒரு அத்தையின் மகள் துபாயில் இருக்கிறாள், பவர் பத்திரம் அனுப்பவில்லை. அவர் மாதா மாதம் வருவார், என் கடையில் டீ குடிப்பார், புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், திரும்பிப் போவார். இப்போது எனக்கு நல்ல நண்பராகிவிட்டார்.

இன்னொன்று, நீலகிரி என்றால் எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலம் (பழைய நிலவுடைமைக் குடும்பங்களின் பரம்பரை நிலம்), அந்த உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் செக்‌ஷன் 17 என்று ஒரு தலைவலி பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடம் என்று 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். அரசு ஒப்படை செய்த நிலத்தில், விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். தனியார் காடு என்று அறிவித்திருந்தால் விற்கவும் மரம் வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். அதனால் கூடலூரில் உங்கள் நண்பர் "சல்லிசாக" வாங்கிய கதையை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அடுத்த விளம்பரம், "ஹோம்ஸ்டே கட்ட ஏற்ற 30 சென்ட், வேலி ஓரம் வரை கார் போகும்". கார் போகும்தான். ஆனால் கடைசி இருநூறு அடி பக்கத்துத் தோட்டக்காரருடைய பட்டா. மூன்று மாடி கட்டலாம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். இங்கே கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜேசிபி விட்டு மண் எடுக்கவும், போர் போடவும் கலெக்டர் அனுமதி இல்லாமல் முடியாது. அந்த 30 சென்டில் பின்பக்கம் மலையை வெட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ராத்திரிகளின் மழைச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெட்டிய மண்ணுக்குக் கீழே யார் வீடு கட்டினாலும் நான் அந்தப் பக்கம் படுக்க மாட்டேன். அத்தையையும் படுக்க விட மாட்டேன்.

அப்புறம், ஹோம்ஸ்டேக்கு ஆள் வருவது, வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைனில் வாங்க வேண்டிய இ-பாஸை நம்பி. 2024 மே முதல் அது இருக்கிறது. 2025 சீசனில் வண்டி எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள்.

இன்னொரு விளம்பரத்தில் வந்த, மூடிக் கிடக்கும் அந்த டீ ஃபேக்டரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இரும்பு விலைக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

மிச்சம் இருப்பது அந்த பேக்கரி. நாலு விளம்பரத்தில் நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தள்ளிய ஒன்று அதுதான், எனக்குத் தெரியும். எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் நின்றது.

விறகு அடுப்பு பேக்கரி. சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால், மூடுபனிக்குள் வாசனையைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போய்விடலாம். வர்க்கி என்கிற மொறுமொறு அடுக்கு பிஸ்கட்தான் அங்கே உயிர். மாவை விரித்து, நெய் தடவி, மடித்து, மறுபடி விரித்து மடித்துப் போடுவதை ஒரு நாள் மேசை ஓரமாக நின்று பார்த்தேன். மாஸ்டரின் உள்ளங்கை மாவைத் தொடும்போது சத்தமே வருவதில்லை. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தக் கடையில் பத்திரிகைத் துண்டை வெட்டிக் கண்ணாடிக்குள் ஒட்டினார்கள். முதலாளிக்கு முழங்கால் போய்விட்டது. அவர் கேட்பது இடத்துக்கு இல்லை, இடம் வாடகை. அடுப்பு, சாமான், பெயர், வாடிக்கை இதற்கு மட்டும்தான் விலை.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பனியன் துணியை லைட்டுக்கு மேல் விரித்து நீங்கள் செக்கிங் பார்ப்பீர்களே, அப்படிப் பாருங்கள். கட்டட முதலாளி புது ஆளுக்குச் சம்மதிப்பாரா என்று எழுத்தில் வாங்க வேண்டும். பஞ்சாயத்துக் கடையாக இருந்தால் ஏலத்தில் எடுத்தவர் பெயர் வேறு, உள்வாடகைக்கு இருப்பவர் வேறு என்று வரும், அந்தப் பக்கமே போகக் கூடாது. இது அப்படி இல்லை, விசாரித்துவிட்டேன். ஓரத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கி விற்கலாம் என்று நினைக்காதீர்கள், நீலகிரியில் அந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. பின்கதவு இரும்பில் இருக்க வேண்டும். போன வருஷம் கரடி வந்து மரக்கதவைப் பெயர்த்து, ஒரு டின் எண்ணெயை நக்கி முடித்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம் மாஸ்டர். அவர் இருப்பாரா? உங்கள் கம்பெனியில் அந்த ஓவர்லாக் டெய்லர் நின்ற மாசம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்டதற்கு மாஸ்டர், "வர்றவரு காலையில நாலு மணிக்கு எந்திரிப்பாரா?" என்று திருப்பிக் கேட்டார். முப்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்து கம்பெனி கதவைத் திறந்த ஆள் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வர்க்கியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மெஷின் விற்ற பணத்தை பேங்கிலேயே வையுங்கள். சீசனில் வராதீர்கள், மே மாசம் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். நவம்பரில் வாருங்கள். எங்கள் மேல்வீடு காலியாக இருக்கிறது, ஒரு மாசம் அத்தையோடு தங்குங்கள். துணி காய மூன்று நாள் ஆகும், கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது, ஆறு மணிக்கு மேல் காட்டெருமை ரோட்டில் நிற்கும். பேக்கரிக்காரர் பொங்கல் வரை பொறுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போது போன் செய்யுங்கள். அத்தையை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், போன தடவை வாந்தி எடுத்தார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்