ஆற்று முகத்தில் சேரும் கழிவைத் தடுக்கவும் நாங்கள் உண்ணும் மீனைப் பரிசோதிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள் மற்றும் மீன் விற்கும் பெண்கள்,
ஆற்றங்கரை கிராமச் சுற்றுவட்டாரம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: வைகை முகத்துவாரத்திலும் வடகடல் (பாக் விரிகுடா) கரையிலும் சேரும் பிளாஸ்டிக், இரசாயனக் கழிவைத் தடுப்பது, உள்ளூர் மீனைப் பரிசோதித்து முடிவைத் தெரிவிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை எல்லாம் கடந்து வரும் வைகை, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி மறுகால் பாய்ந்தால்தான் எங்கள் பக்கம் கடலைத் தொடும். பல வருடம் அந்தத் தண்ணீர் வருவதே இல்லை. வரும் வருடத்திலோ வழிநெடுக ஊர்கள் ஆற்றில் போட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்குகிறது. பால் கவர், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல், மருந்துப் புட்டி என்று எதுவும் பாக்கி இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு நண்டு வலையை இழுத்தால் நண்டைக் கழற்றுவதைவிடக் கவரைக் கழற்றத்தான் நேரம் போகிறது. கண்ணியெல்லாம் கவர் அடைத்துவிட்டால் வலை நீரோட்டத்தில் பாய் மாதிரி விரிந்து நின்று கிழிகிறது. அந்த நட்டத்துக்கு எந்த நிவாரணக் கணக்கிலும் இடமில்லை.

கண்ணுக்குத் தெரிவதையாவது பொறுக்கி எடுத்துவிடலாம். வெயிலிலும் உப்பிலும் கிடந்து பொடிந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாகிவிட்டதை என்ன செய்வது? மன்னார் வளைகுடா மீன்களின் குடலில் இந்தத் துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய மீன் என்றால் குடலை எடுத்துவிட்டுக் குழம்பு வைக்கிறோம். நெத்திலியைக் குடலோடு காயப்போட்டு, கருவாடாக்கிக் குடலோடுதான் சாப்பிடுகிறோம்.

அப்புறம் இறால் பண்ணை விஷயம். இறால் பிடிப்பு முடிந்ததும் குளத்தை ஓடையில் திறந்துவிடுகிறார்கள். தீவன மிச்சம், அடிச்சேறு, போட்ட மருந்து எல்லாம் கலந்த கறுத்த தண்ணீர் அது. அன்று ஓடை வாயில் மடவைக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து தவிக்கும், மறுநாள் கரையில் செத்துக் கிடக்கும். பண்ணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளிலும் அங்கே வேலை பார்ப்பவர்கள் உண்டு. பெரிய பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும் என்பது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் விதி. சிறு பண்ணைகள் நாலைந்து ஒரே ஓடையில் திறந்துவிட்டால் ஓடைக்கு அது பெரிய பண்ணைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பலில் ஏறும் இறாலில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள், இருந்தால் வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அந்த இறால் கிடந்த தண்ணீர் வந்து கலக்கும் இடத்தில் நாங்கள் பிடித்து உள்ளூர் சந்தையில் விற்கும் மீனை யார் சோதிக்கிறார்கள்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். மற்ற மீனைத் தின்று வளரும் சுறா, சூரை போன்றவற்றில்தான் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்கிறார்கள். இங்கே பிடிபடுவதில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சோதனை முடிவு வந்தால் மீன் விலை விழுந்துவிடும் என்று எங்களுக்குள்ளேயே சிலர் இந்த மனு வேண்டாம் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பினாலே கூடை அப்படியே வீடு திரும்புகிறது. அளவு தெரிந்தால், எந்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்றாவது வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், சென்னையில் கூவத்தில் போட்டிருப்பது போல, பெரிய கண்மாயிலிருந்து கடலுக்கு வரும் வாய்க்காலில் மிதவைத் தடுப்பு அமைத்து, சேரும் குப்பையை அள்ள ஆளும் வண்டியும் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தடுப்பைப் போட்டுவிட்டு அள்ளாமல் விட்டால் வாய்க்கால் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இறால் பண்ணைகளைத் தங்கள் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு, பிடிப்பு நடக்கும் நாட்களில் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க வேண்டும். மற்ற நாளில் வந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நெத்திலி, மடவை, நண்டு, சுறா ஆகியவற்றில் மாதிரி எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்து, முடிவை மீனவர் குறைதீர் கூட்டத்தில் தமிழில் வாசிக்கச் செய்ய வேண்டும்.

கிழிந்த தங்கூசி (நைலான் இழை) வலைகளைப் போட எங்கள் ஊர்களில் இடமில்லை. கடலில் விட்டால் ஆமை மாட்டிச் சாகிறது, கரையில் எரித்தால் புகை. விலை கொடுத்து வாங்கும் மையம் ஒன்று இந்தக் கரையில் வந்தால் நாங்களே சேர்த்துக் கொண்டுவந்து தருகிறோம். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட கேரி பேக் இன்றும் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதைச் சில்லறையாக மீன் விற்கும் பெண்ணிடம் பறிமுதல் செய்வதோடு நிறுத்தாமல், மொத்தமாக இறக்குபவரிடம் பிடிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டுப்படகு மீனவர்கள், மீன் விற்கும் பெண்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)