நூற்றாண்டு நிறைவுக்கு முன் ஒரு வேண்டுகோள்: 'அனலாக்' இதழுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் வணக்கம்.

1930 ஜனவரியில் 'அஸ்டவுண்டிங்' என்ற பெயரில் தொடங்கிய உங்கள் அறிவியல் புனைகதை இதழ் 2030 ஜனவரியில் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும். அதற்குள் பழைய இதழ்கள் அனைத்தையும், அட்டை முதல் அட்டை வரை, ஒரு வரியும் நீக்காமல் மின்வடிவில் வெளியிடுங்கள். இதைக் கேட்கவே எழுதுகிறேன்.

நல்ல கதைகள்தான் தொகுப்புகளாக வந்துவிட்டனவே என்பீர்கள். ஓர் இதழ் என்பது கதைகள் மட்டும்தானா? 1948 நவம்பர் இதழின் வாசகர் கடிதப் பகுதியைப் பாருங்கள். ஓராண்டு கழித்து வரவேண்டிய 1949 நவம்பர் இதழை முன்கூட்டியே படித்துவிட்டவர் போல, ஒரு வாசகர் அதன் கதைகளைத் தலைப்போடும் எழுத்தாளர் பெயரோடும் தரவரிசைப்படுத்துகிறார். ஆசிரியர் ஜான் கேம்பல் அதை அச்சிட்டதோடு நிற்கவில்லை. அந்த எழுத்தாளர்களை அணுகி, பெரும்பாலும் அதே தலைப்புகளில் எழுதவைத்து, சொன்ன மாதத்தில் இதழைக் கொண்டுவந்தே விட்டார்! ராபர்ட் ஹைன்லைனின் 'கல்ஃப்' அப்படிப் பிறந்தது. அதைப் புத்தகத்தில் மட்டும் படிப்பவருக்கு இந்த விளையாட்டு எப்படித் தெரியும்?

கேம்பலின் தலையங்கங்களும் வேண்டும். 1937 இறுதி முதல் 1971இல் இறக்கும்வரை ஆசிரியராக இருந்தவர் அவர். ஹிரோஷிமாவுக்கு 17 மாதங்களுக்கு முன்பே, 1944 மார்ச்சில், யுரேனியம்-235 அணுகுண்டு பற்றிய கதையை வெளியிட்டு, ராணுவ உளவுத்துறையினர் தேடி வந்து விசாரிக்கும் நிலையை உண்டாக்கியவர். அவரேதான் 1960களில் இனப் பிரிவினைக்கு ஆதரவாகவும் தலையங்கம் எழுதினார். சிறந்த புதிய எழுத்தாளருக்கான விருது அவர் பெயரில் இருந்தது; 2019இல் அதிலிருந்து அவர் பெயரை நீங்கள் நீக்கியது முற்றிலும் சரி. ஆனால் அந்தப் பக்கங்களும் படிக்கக் கிடைக்க வேண்டும். அவர் எழுதியது என்ன என்று தெரியாமல் அந்த முடிவின் நியாயத்தை அடுத்த தலைமுறை எப்படி உணரும்?

காலம் அதிகம் இல்லை. தொடக்ககால இதழ்கள் அச்சானது மலிவான மரக்கூழ்த் தாளில். அதிலுள்ள அமிலமே தாளை அரிக்கிறது. பழுப்பேறிய பக்கத்தைச் சற்று வளைத்தாலே ஓரம் நொறுங்கி உதிர்கிறது.

கதைகளின் உரிமை பலரிடம் இருக்கும், அறிவேன். அது தடையானால் கடிதங்கள், தலையங்கங்கள், ஓவியங்களிலிருந்து தொடங்குங்கள். அவை வேறு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக வரப்போவதில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்