தை அமாவாசையும் பனித்தட்டும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான் ரவி,

நலம். அக்கரைப்பற்றில் மழை விட்டதா? இங்கே வாவி இன்னும் கலங்கல்தான்.

மிதக்கிற பனி கரைந்தால் கடல்மட்டம் கூடாதே, பிறகேன் அந்தாட்டிக்காப் பனித்தட்டு உடைவதைப் பற்றி இவ்வளவு கவலை என்று கேட்டிருந்தாய். கூடாது என்பது சரி, கூடினாலும் மிகச் சொற்பம். கவலை அதற்குப் பின்னால் நிற்கிற பனியைப் பற்றியது.

பனியாறு தரையில் வழுகி வந்து கடலில் மிதக்கத் தொடங்கும் இடம் தரைக்கோடு. அதற்கு அப்பால் மிதப்பதுதான் பனித்தட்டு. அது இரு கரைகளிலும், அடியில் முட்டும் திட்டுகளிலும் உரசி நகர்வதால் பின்னால் வரும் பனியாற்றுக்கு முண்டு கொடுக்கிறது. 2002இல் லார்சன் பி தட்டில் ஏறத்தாழ 3,250 சதுரக் கிலோமீற்றர் ஒரு மாதச் சொச்சத்தில் நொறுங்கியது. முண்டு போனதும் பின்னால் நின்ற பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. அது தரையில் கிடந்த பனி; கடலுக்கு வந்தால் மட்டம் கூடத்தான் செய்யும்.

அந்தத் தட்டை நொறுக்கியதில் கோடையில் மேலே தேங்கிய உருகுநீருக்குப் பெரிய பங்கு. வெறும் வெடிப்பு ஆழம் போகப் போகப் பனியின் பாரத்தில் நெருக்குண்டு நின்றுவிடும். தண்ணீர் நிரம்பினால் நிற்காது. பனி கனமீற்றருக்கு 917 கிலோ, தண்ணீர் 1,000 கிலோ. பனியை விடக் கனமான அந்தத் தண்ணீர், விறகில் இறக்கிய ஆப்பு மாதிரி அடிவரை பிளந்துகொண்டு போகும்.

எல்லா உடைவும் இந்த வகையல்ல. பிரண்ட் தட்டில் பல வருசமாக அசையாமல் கிடந்த ஒரு வெடிப்பு 2012இல் மீண்டும் நீளத் தொடங்கி, 2023 சனவரி 22இல், தை அமாவாசைக்கு மறுநாள், கடற்பெருக்கோடு கழன்றது. 1,550 சதுரக் கிலோமீற்றர். நம்ம மாவட்டத்தில் பாதிக்கு மேல். அமாவாசைப் பெருக்கு தட்டைத் தூக்கி வளைத்ததுதான் கடைசி உந்தல், வேலை முன்னமே முடிந்திருந்தது. தட்டு முன்னே தள்ளப்படுவதும் நுனி உடைவதும் அதன் இயல்பு. இதை வெப்பத்தின் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அடியில் நடப்பதுதான். மாரி வெள்ளம் தணிந்ததும் முகத்துவாரத்தில் பார்த்திருப்பாய்: மேலே நல்ல தண்ணீர் வெளியே வடிய, அடியால் உப்புத்தண்ணி உள்ளே ஏறும். மேற்கு அந்தாட்டிக்காவை ஒட்டிய அமுண்ட்சன் கடலிலும் உப்புக் கூடிய கனமான ஆழ்கடல் நீர் கடலடிப் பள்ளங்கள் வழியே தட்டின் அடிக்குள் நுழைகிறது. அதன் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் அளவுதான். ஆனால் கடல்நீர் மேற்பரப்பில் உறைவது மைனஸ் 1.9இல், ஒவ்வொரு 1,000 மீற்றர் ஆழத்துக்கும் அந்த உறைநிலை இன்னும் முக்கால் பாகை இறங்கும். தரைக்கோடு அந்த ஆழத்தில் இருந்தால், வருகிற நீர் உறைநிலையை விட மூன்றரைப் பாகை சூடு. பனிக்கு அது கொதிநீர். உருகியது உப்புக் குறைந்து இலேசாகிப் பனியின் அடியைத் தடவி மேலேறும், மேலேற அடியால் புது உப்புநீரை உள்ளே இழுக்கும். பம்பு போட்ட மாதிரி.

அந்தக் கடலில் இறங்கும் துவைற்ஸ் பனியாற்றில் 2020இல் சுடுநீரால் ஏறத்தாழ 600 மீற்றர் துளைத்து, ஒரு ரோபோவை இறக்கிப் பார்த்தார்கள். துளை பக்கத்தால் உறைந்து ஒடுங்கும். விட்டு விட்டுச் சுடுநீர் பாய்ச்சி அகட்டவேண்டும், இல்லாவிட்டால் கருவி உள்ளேயே மாட்டிவிடும். தட்டையான அடிப்பரப்பில் உருகல் எதிர்பார்த்ததை விட மெதுவாகவே இருந்தது. இலேசான உருகுநீர் போர்வையாகப் படிந்து சூட்டை மறிக்கிறது. வெடிப்புச் சுவர்களிலும் படிபோன்ற சரிவுகளிலும் அந்தப் போர்வை நிற்காது, அங்கேதான் அரிப்பு வேகம். ஆக, பலவீனமான இடத்தையே கடல் தேடி அரிக்கிறது. அதுவும் அங்கே கடலடி உள்நோக்கிச் சரிகிறது; தரைக்கோடு பின்வாங்க வாங்க இன்னும் தடித்த பனி கடலுக்கு வெளிப்படும்.

அடுத்த கடிதத்தில் செய்மதி கொண்டு தரைக்கோட்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எழுதுகிறேன். பெருக்கிலும் வற்றிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்த இடம் மேலும் கீழும் அசைகிறது என்று பார்க்கிற வேலை அது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்